பெரிய புள்ளியும் என் அக்காவும்

லாயத்திலிருந்து போன் வந்தபோது நான் என் அழகு நிலையத்தில் ஒரு வாடிக்கைக்கார அம்மாவின் தலையில் பாதி வரை சாயம் பூசியிருந்தேன். "உங்க அக்காவைப் பெரிய புள்ளி உதைச்சிடுச்சு, உடனே வாங்க" என்றது ஒரு பெண் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குதிரை உதைத்ததற்காக அல்ல. குதிரை என்றால் உதைக்கத்தான் செய்யும், அதைச் சின்ன வயதிலிருந்தே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உதைத்தது பெரிய புள்ளியா? அக்காவின் குரலைக் கேட்டாலே கழுத்தை நீட்டிக்கொண்டு வரும் அந்தச் சாதுவா? என் மகளை வாராவாரம் முதுகில் சுமக்கிறதே, அதுவா? கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். அந்த அம்மாவின் மீதித் தலை என்ன ஆனது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

பெரிய புள்ளி என்பது குதிரையின் பெயர். அக்கா வைத்தது. அவளைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் குதிரையைப் பற்றிச் சொல்ல முடியாது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஒரு குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்தவள், அங்கேயே தலை நரைத்தாள். சாணம் அள்ளுவது, குளிப்பாட்டுவது, பிடரி சீவுவது, சேணம் கட்டுவது, முதல் முறை ஏறுகிறவர்களை உட்கார வைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணல் திடலைச் சுற்றி வருவது எல்லாம் அவள் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "உனக்கு ஒரு மாப்பிள்ளை கிடைக்கிறது குதிரைக்கொம்பா இருக்கு" என்று அம்மா ஒருமுறை அலுத்துக்கொண்டபோது, "கொம்பை யார் கேட்டா? குதிரை கிடைச்சா போதும்" என்றாள். அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்தப் பித்து எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. அப்பா குழாய் வேலை செய்பவர். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. குதிரை வளர்ப்பது இருக்கட்டும், பூந்தொட்டி வைக்கக்கூட இடம் கிடையாது. கீழ்த்தளத்தில் ஓர் அச்சகம் இருந்தது. அவர்கள் வீசியெறியும் பழைய நாட்காட்டித் தாள்களில் குதிரைப் படம் எது வந்தாலும் அக்கா பொறுக்கி வந்து, நாங்கள் இருவரும் படுக்கும் அறையின் சுவரில் ஒட்டிவிடுவாள். எனக்கு ரோஜாப் படம் ஒட்ட வேண்டும் என்று ஆசை. இடமே இல்லை. நான் கண் விழித்தால் என் முகத்துக்கு நேரே இரண்டு மூக்குத் துவாரங்கள் இருக்கும்.

மற்ற பெண்கள் நடிகர்கள்மேல் மயங்கிக் கிடந்த வயதில் இவள் குதிரை இனங்கள்மேல் மயங்கிக் கிடந்தாள். முதலில் அரபுக் குதிரை. "மூஞ்சியைப் பாருடி, நடுவுல தட்டு மாதிரி லேசா உள்வாங்கியிருக்கு, எவ்வளவு கம்பீரம்!" என்று என்னை எழுப்பிக் காட்டுவாள். பிறகு காது நுனி இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மார்வாரி. அதன் பிறகு ஃப்ரீசியன். உடம்பு முழுக்கக் கறுப்பு, கால் ரோமம் குளம்பையே மூடிவிடும். "இவன் பாவாடை கட்டின மாப்பிள்ளை" என்பாள். கடைசியாக வந்தது அப்பலூசா. வெள்ளைப் பின்பாகத்தில் யாரோ மைப்புட்டியை உதறிய மாதிரிப் புள்ளிகள், குளம்பில் நெடுக்குக் கோடுகள், கண்ணைச் சுற்றி மனிதர்களுக்கு இருப்பது போல வெள்ளை விழி. அந்தப் படம் வந்த அன்று மற்ற குதிரைகளெல்லாம் சுவரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. அது நடுவில் வந்து உட்கார்ந்தது, பிறகு நகரவே இல்லை.

ஆட்களையும் அவள் இனம் பிரித்துத்தான் பார்ப்பாள். என் வீட்டுக்காரரை முதல் முறை பார்த்துவிட்டு, "ஷெட்லாண்ட் மட்டக்குதிரைடி. குள்ளம், பிடிவாதம், ஆனா என்ன ஏத்தினாலும் சுமக்கும், கட்டிக்கோ" என்றாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கட்டிக்கொண்ட பிறகு யோசித்துப் பார்த்தால் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என்னைப் பந்தயக் குதிரை இனம் என்பாள். காகிதம் பறந்தால்கூட மிரளுமாம். கோபம் வந்தால் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். "எள்ளை நீ வெச்சுக்கோ, கொள்ளை என் பசங்களுக்குக் கொடு" என்பாள் அக்கா.

அவள் வாய் மட்டும் ஓயாது. லாயத்தில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். குதிரையிடம் போகிறவர்கள் முதலில் பேச வேண்டும், பிறகுதான் கிட்டே போக வேண்டும், அதிலும் பின்பக்கமாகப் போகிறவர்கள் பேசிக்கொண்டேதான் போக வேண்டும் என்பது அவளுடைய முதல் பாடம். என் மகள் எட்டு வயதில் அங்கே கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோதும் ஏறுவதற்கு முன்னால் அதைத்தான் கற்றுக் கொடுத்தாள். மகளைச் சேர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. "என் கையில கயிறு இருக்கிற வரைக்கும் உன் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, அதுவும் புள்ளி மேல ஏத்துறேன், அதைவிடச் சாது இந்த ஊர்லயே கிடையாது" என்றாள். அக்கா சொல்லிவிட்டாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

அந்தப் புள்ளி வேறொரு லாயத்தை மூடியபோது இங்கே வந்தது. வண்டியிலிருந்து அது பின்பக்கமாக இறங்கிய விதத்தை அக்கா எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. முதலில் வால், பிறகு புள்ளிகள், கடைசியில் தலை. படத்தில் பார்த்துப் பார்த்து வளர்ந்த அப்பலூசா அவள் கண்ணெதிரே இறங்கியதும் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாளாம். முதலாளியம்மாவுக்கு அதன் அழகு பிடிக்கவில்லை. "என்ன இது, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சவன் மாதிரி இருக்கு" என்றாராம். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவன் இனிமே இங்க பெரிய புள்ளி" என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அதை வேறு யாரையும் தொட விட்டதில்லை. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள் என்றே சொல்லலாம். ஈ மொய்க்கிறது என்று மெல்லிய வலைத்துணியில் அதற்கு ஒரு கண்மறைப்பு தைத்துப் போட்டாள். வெயில், மழை, குளிர் எதுவானாலும் அது அந்த மறைப்போடுதான் நிற்கும். மருமகளுக்கு நகை போட்டு அழகு பார்க்கிற மாமியார் என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட குதிரைதான் அவளை உதைத்தது.

மருத்துவமனையில் அக்கா பேயறைந்த மாதிரிக் கிடந்தாள். தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. அன்று மாலையே அறுவைச் சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். வீங்கிய கன்னத்தைப் பார்த்து முகத்திலும் உதைத்துவிட்டதோ என்று அரண்டு போனேன். விசாரித்தால் அது பல்லாம். அன்று காலை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு நேராக லாயத்துக்குப் போயிருக்கிறாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தீவன நேரம் தாண்டிவிட்டதே என்று பஞ்சோடு உள்ளே போனவள், பின்பக்கமாகப் போய்ப் புள்ளியின் இடுப்பில் கை வைத்திருக்கிறாள். அடுத்த நொடி மரத்தடுப்பில் போய் விழுந்திருக்கிறாள்.

மறுநாள் முதலாளியம்மா பார்க்க வந்தார். வயதானவர், அதிகம் பேசமாட்டார், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு டாக்டர் வர்றார். ஊசி போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

எந்த ஊசி என்று எனக்குக்கூடப் புரிந்தது.

"வேண்டாம்மா. தப்பு என்மேலதான். நான் பேசாம போயிட்டேன்" என்றாள் அக்கா.

"பேசாம போனா? இத்தனை வருஷமா உன் கையால சாப்பிடற மிருகம். உன் மூஞ்சி அதுக்குத் தெரியாதா? தெரிஞ்ச ஆளையே உதைச்சதுன்னா நாளைக்கு ஒரு குழந்தையை உதைக்காதா?"

"சரியாத்தான் சொல்றாங்க" என்று நானும் சேர்ந்துகொண்டேன். "என் பொண்ணை உதைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? அது உயிரோட இருக்கவே கூடாது."

அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு முதலாளியம்மாவைப் பார்த்தாள். போர்வையின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு என் மூஞ்சி தெரியாதும்மா. அவனுக்குக் கண்ணு தெரியாது."

எனக்கு முதலில் காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. முதலாளியம்மா, "என்ன?" என்றார்.

"ரெண்டு கண்ணும் தெரியாது. முதல்ல ஒண்ணு போச்சு, அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு வருஷம் ஆகுது. குரலை வெச்சுத்தான் எல்லாம் பண்றான். நீங்க டாக்டரோட தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் தலையை நான்தான் பிடிச்சுக்குவேன், மறைப்பைக் கழட்ட மாட்டேன்."

ஒரு வருடமாக என் மகள் ஞாயிறுதோறும் ஏறியது அந்தக் குதிரையின்மேல். கண் தெரியாத குதிரையின்மேல். வேலி ஓரமாக நின்று நான் கையாட்டிக்கொண்டிருந்தேன். போட்டோ வேறு எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அந்தப் போட்டோ ஒவ்வொன்றும் இப்போது என் கண் முன்னால் வந்து நின்றது. நான் போட்ட சத்தம் மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

"என் பொண்ணுக்கா? என் பொண்ணுக்கா இதைப் பண்ணினே? ஒரு குதிரைக்காக எல்லார் கண்ணுலயும் மண்ணைத் தூவியிருக்கியே, நீயெல்லாம் ஒரு பெரியம்மாவா?"

"கயிறு என் கையிலதான்டி இருந்தது. ஒரு தடவைகூட விட்டதில்லை" என்றாள் அக்கா. அழவில்லை. "நான் பேசிக்கிட்டே இருந்தா அவன் ஒரு அடி தப்பா வைக்க மாட்டான். சத்தியமா. எனக்கே மறந்துபோச்சு தெரியுமா? அவனுக்குக் கண்ணு தெரியாதுங்கிறதே மறந்துபோச்சு. இல்லன்னா வாயில பஞ்சை வெச்சுக்கிட்டு உள்ள போவேனா?"

செவிலி வந்து என்னை வெளியே போகச் சொன்னார். நான் நகரவில்லை. முதலாளியம்மா மட்டும் சத்தம் போடவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார்.

"சொன்னா வித்துடுவீங்க. கண்ணு தெரியாத குதிரையை யாரும்மா வாங்குவா? கறிக்குத்தான் போகும். போன தடவை அந்த நொண்டிக் குதிரையை வண்டியில ஏத்தி அனுப்பினீங்களே."

"அதை எங்க அனுப்பினேன்னு கேட்டியா?"

அக்காவின் கையிலிருந்த போர்வை ஓரம் நழுவியது.

"என் தம்பி தோட்டத்துல நிக்குது. இன்னைக்கும் நிக்குது. தினம் புல்லு மேயுது." முதலாளியம்மா எழுந்துவிட்டார். "என்கிட்ட சொல்லியிருந்தா இதை வேலையிலருந்து எடுத்திருப்பேன். உயிரை எடுத்திருக்க மாட்டேன். இவ்வளவு பேசற வாய், இந்த ஒரு வார்த்தையைக் கேக்கலையே."

அக்கா வாயடைத்துப் போனாள். பிறந்ததிலிருந்து நான் பார்த்திராத காட்சி அது. வேலை போய்விட்டது என்று முதலாளியம்மா சொல்லவும் இல்லை, அக்கா கேட்கவும் இல்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது. கதவருகே போன முதலாளியம்மா திரும்பி, "முதல்ல டாக்டர் கண்ணைப் பார்க்கட்டும். அப்புறம் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நான் லாயத்துக்குப் போனேன். மகளின் தலைக்கவசத்தை எடுத்து வரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மை அதுவல்ல. அந்தக் குதிரைக்கு ஊசி போடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் என் ஆத்திரம் அடங்கும் என்று தோன்றியது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றவளுக்குத்தான் தெரியும்.

புள்ளி நின்ற அறைக்கு வெளியே முதலாளியம்மாவும் கால்நடை டாக்டரும் செய்வதறியாமல் நின்றிருந்தார்கள். உள்ளே இடிச் சத்தம். அக்கா விழுந்த நாளிலிருந்து அது யாரையும் கிட்டே விடவில்லையாம். தண்ணீர் வைக்கப் போனவர்களை எல்லாம் மிரண்டு துரத்தியிருக்கிறது. மரத்தடுப்பில் மோதி மோதி நெற்றித் தோல் கிழிந்திருந்தது. கண்மறைப்பு கிழிந்து ஒரு காதில் தொங்கியது. முதல் முறையாக அதன் கண்ணை அப்போதுதான் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நீலம் கலந்த பால் நிறம். அதைச் சுற்றி அந்த வெள்ளை விழி. என்னை முறைத்துப் பார்க்கிற மாதிரியே இருந்தது. கிட்டே போய்க் கையை ஆட்டினால்கூட அசையாது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

"உங்க அக்காவுக்குப் போன் போடுங்க" என்றார் முதலாளியம்மா. "வேற வழி தெரியலை."

போட்டேன். முந்தின நாள் அவ்வளவு கத்திவிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "உன் ஆளு யாரையும் கிட்ட விட மாட்டேங்கிறான். பேசு" என்றேன். சத்தத்தைக் கூட்டி, போனைத் தடுப்புக்கு மேலாக நீட்டினேன்.

"டேய் புள்ளி" என்றாள் அக்கா. "என்னடா ரகளை பண்றே? நான்தான்டா."

இடிச் சத்தம் நின்றது. இரண்டு காதும் போன் பக்கம் திரும்பின. உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டே அது ஓர் அடி வைத்தது, பிறகு இன்னோர் அடி. அக்கா நிறுத்தாமல் பேசினாள். கால் எப்படி வலிக்கிறது, சாப்பாட்டில் உப்பே இல்லை, பல் பிடுங்கின குழியில் நாக்கு போய்ப் போய் நிற்கிறது, உன்னைத் திட்ட வேண்டும் ஆனால் கோபம் வரவில்லை என்று ஏதேதோ. அந்தப் பெரிய தலை நேராக என் கைக்கு வந்தது. மூச்சு என் விரல்மேல் சூடாக விழுந்தது. எனக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் மோத ஆரம்பித்துவிடுமே.

டாக்டர் மெதுவாக உள்ளே நுழைந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். இமையை விரலால் அழுத்திப் பார்த்தார். புள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும் மனிதரைப் போலக் கழுத்தை இறுக்கியது. அவர் முதலாளியம்மாவிடம் திரும்பினார்.

"ரெண்டும் போயிடுச்சு. வெறும் குருடு மட்டும் இல்லைம்மா. உள்ளுக்குள்ள அழுத்தம். வலி பயங்கரமா இருக்கும். தலைவலி மாதிரி, விடாம. ஆரம்பத்துல கண்ணு சிவந்து தண்ணி வடிஞ்சிருக்குமே, அப்பவே கூப்பிட்டிருந்தா மருந்து போட்டு ஒரு கண்ணையாவது காப்பாத்தியிருக்கலாம். வலியையும் அடக்கியிருக்கலாம்."

போனில் பேச்சு நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள். போனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"மருந்து இருக்கா?" என்றது போன். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அப்பலூசாவுக்குக் கண்ணு போகும்னு நான் படிச்சிருக்கேன். அந்த இனத்துக்கே அது உண்டு. மத்த குதிரையைவிட அதிகமா வரும்னு போட்டிருந்தது. அதனால விதின்னு விட்டுட்டேன் டாக்டர். ஈரத்துணியால துடைச்சுத் துடைச்சு விட்டேன். வலிக்கும்னு தெரியாது. அவன் ஒருநாள்கூடக் காட்டலையே."

"குதிரை காட்டாதும்மா" என்றார் டாக்டர் போனைப் பார்த்து. அவருக்கும் சங்கடமாக இருந்தது.

எல்லா இனமும் அவளுக்கு மனப்பாடம். எந்த இனத்துக்கு எந்த நோய் வரும் என்பதுகூட மனப்பாடம். அதையே நம்பித்தான் அவள் டாக்டரைக் கூப்பிடவில்லை. என் மகளை நினைத்து அவள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், இந்த அடி அவளுக்கு விழுந்திருக்கக் கூடாது என்று அந்த நொடியில் தோன்றியது.

பேச்சு நின்றதும் புள்ளி தலையை உதறிப் பின்வாங்கியது. "அக்கா, பேசு" என்றேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அது மறுபடி என் கைக்கு வந்தது.

டாக்டர் வழிகளைச் சொன்னார். இரண்டு கண்ணையும் எடுத்துவிடலாம். வலி போய்விடும். ஆனால் ஆறும் வரை பழகின ஆள் இரவும் பகலும் கூட இருக்க வேண்டும், மற்றவர்கள் கை வைத்தால் இப்படித்தான் மோதிக்கொள்ளும். அக்கா எழுந்து நடக்கவே மாதங்கள் ஆகும். இன்னொரு வழியை அவர் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். முதலாளியம்மா போனருகே குனிந்து, "நீயே சொல்லு. உன் பேச்சுதான் முடிவு" என்றார்.

"இப்பவும் வலிக்குதா டாக்டர்?" என்றாள் அக்கா.

"வலிக்குதும்மா."

"நாளைக்கும்?"

"நாளைக்கும்தான்."

"அப்ப இன்னைக்கே முடிச்சிடுங்க."

"வேண்டாம்!" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரல்தான். எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. "நான் பாத்துக்கறேன். நீ போன்ல பேசு, நான் இங்க இருக்கேன், கடையை மூடிட்டு இருக்கேன். கண்ணை எடுக்கட்டும். அக்கா, வேண்டாம்."

"உனக்குக் குதிரைன்னாலே ஆகாதேடி" என்றாள். சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "ரெண்டு வருஷம் எனக்காகத்தான் அவனை வெச்சுக்கிட்டேன். படத்துல பாத்த குதிரை, என் குதிரைன்னு. அவனுக்கு வலிச்சதைப் பாக்கலை. இன்னும் ஒருநாள்கூட எனக்காக வெச்சுக்க மாட்டேன். நீ போனை மட்டும் பிடிச்சுக்கோ. கை நடுங்காம பிடி."

இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் முதலில் மயக்க ஊசி போட்டார். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா குறட்டை விட்டால் சன்னல் கம்பி அதிருகிறதாம். இன்று காலை ஒரு செவிலி பிடரி மாதிரிக் கூந்தலோடு வந்தாளாம், உன் வாலைவிட நீளமாம். "உனக்குப் பொறாமை வரும்டா." புள்ளியின் கழுத்து மெல்லத் தாழ்ந்தது. டாக்டர் அடுத்த ஊசியை எடுத்தார். முதலாளியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னங்கால் மடிந்தது, பிறகு அவ்வளவு பெரிய உடம்பு வைக்கோலின்மேல் சாய்ந்தது. தரை அதிர்ந்தது. நானும் கூடவே மண்டியிட்டு உட்கார்ந்தேன், போனை நீட்டியபடியே.

டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கருவிகளைப் பெட்டியில் வைத்து மூடினார்.

அக்கா நிறுத்தவில்லை. கால் சரியானதும் முதல் வேலையாக உன்னைக் குளிப்பாட்ட வேண்டும், என்ன அழுக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். முதலாளியம்மா திரும்பவில்லை. டாக்டர் தரையைப் பார்த்தார். நான்தான் பாக்கி.

"அக்கா" என்றேன்.

"விழுந்த சத்தம் கேட்டுதுடி" என்றாள். "அப்பவே கேட்டுது."

"அப்புறம் ஏன் பேசிக்கிட்டே இருக்கே?"

"நிறுத்தினா பயந்துடுவான்."

போனைப் புள்ளியின் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.